மூளைக்குப் பொட்டு வைத்த நாள்

கம்ப்யூட்டருக்கு முகம் எந்தப் பக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் ஒரு பொருளை விடமாட்டோம். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, நகவெட்டி வரைக்கும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்போம். பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொட்டு வைக்கப் பேச வேண்டியதில்லை. மண்வெட்டி என்னைப் பார்த்து, "என்னக்கா சௌக்கியமா?" என்று கேட்காது.

போன வருஷம் அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்தது. மருமகளுடைய கம்ப்யூட்டர். மறுநாள் விஜயதசமி. கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் கடை திறக்கப் போகிறாள். ஜெராக்ஸ் எடுப்பது, பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, இந்த மாதிரி வேலைகள்.

இதற்கு அவள் இரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இவள் கேட்ட மறுநிமிஷமே அவன் சரி என்றுவிட்டான். இழுத்தடித்தது என் வீட்டுக்காரர். அவர் கெட்டவர் இல்லை, சகுனம் பார்க்கிறவர். ஒரு தடவை கடலைக் கொல்லையில் போர்வெல் போட வண்டி வந்து நின்றது. உடைத்த தேங்காய் அழுகல். வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கொல்லையில் இன்றைக்கும் போர் கிடையாது, வானத்தைப் பார்த்துத்தான் கடலை போடுகிறோம்.

கடைக்குச் சம்மதம் சொன்னபோதும் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் சொன்னார்.

"விஜயதசமி காலையில ஒம்பதே காலுக்கு நல்ல நேரம். அன்னைக்குத் தொடங்கு. ஆனா ஒரு தடங்கல் வந்துச்சு, அதோட கடைப் பேச்சு இந்த வீட்ல வரப்படாது. சொல்லிப்புட்டேன்."

மருமகள் தலையை ஆட்டினாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பூஜை அன்று காலையில் வீட்டுக்காரர் கடைக்குத் தோரணம் கட்டப் போய்விட்டார். மருமகள் கம்ப்யூட்டரைக் கூடத்தில் பழைய போர்வை மேல் சாய்த்துப் பிரித்தாள். உள்ளே விசிறியில் தூசி பஞ்சாக அடைத்திருந்தது. விசிறியைக் கழற்றி இழுத்தபோது, அதன் அடியில் பசை போட்டு ஒட்டியிருந்த ஒரு சதுரச் சில்லும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அதை மெதுவாகப் பிரித்து எவர்சில்வர் தட்டில் வைத்தாள்.

"பழைய பசையத் தொடைக்க ஸ்பிரிட் வேணும். மருந்துக் கடைய மத்தியானம் பூட்டிருவான். ஓடிப் போயிட்டு வாரேன் அத்தே. நீங்க எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருங்க, ஒண்ணும் விட்டுறாதீங்க" என்று சொல்லி ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஒன்றும் விடாதே என்றால் நான் விடமாட்டேன். கடப்பாரையிலிருந்து ஆரம்பித்து வரிசையாக வந்தேன். கடைசியில் அந்தத் தட்டு.

சில்லு தீப்பெட்டி நீளம்கூட இல்லை. மேல் பக்கம் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பசை அப்பி, காய்ந்து, பார்க்கவே நன்றாயில்லை. இது முதுகு என்று நினைத்தேன். திருப்பினேன். அம்மாடி! தங்க நிறத்தில் முடி மாதிரி கம்பிகள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். வரிசை பிசகாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி நின்றன. இவ்வளவு அழகாக இருப்பதுதான் முகமாக இருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பொட்டு வைக்குமுன் துடைக்க வேண்டுமே. முந்தானையால் துடைத்தேன். ஓர் இழை மாட்டிக்கொண்டது. இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வந்துவிட்டது. அப்புறம் நடுவில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தேன். மிக்ஸியைவிட இதற்குப் பொட்டு எடுப்பாக இருந்தது.

மருமகள் திரும்பி வந்தாள். போர்வையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள்.

"அத்தே... இங்கிட்டு ஒரு சதுரமா..."

நான் மிக்ஸிப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்பிரிட் பாட்டில் உருண்டு அரிவாள்மனையில் போய் இடித்தது.

"அத்தே, அதுதான் கம்ப்யூட்டரோட மூளை."

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் எட்டொன்பது கம்பிகள், மழையில் சாய்ந்த நாற்று மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. என் முந்தானை செய்த வேலை.

அவள் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளுக்குப் போன் போட்டாள். அவர் குலதெய்வக் கோயிலில் நின்றார், பின்னால் மேளம் கேட்டது.

"சிப்புல பின்னு வளைஞ்சிருச்சா? தொடாதீங்க மேடம். ஒடிஞ்சா அவ்வளவுதான், புதுசுதான் போடணும். லீவு முடிஞ்சு திருச்சியிலேர்ந்து வரவழைப்போம்."

"நாளைக்குக் கடை தொறப்புங்க."

"எப்படி மேடம் வளைஞ்சுச்சு?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கடப்பாரையைப் பார்த்தேன். "பூஜையில" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

திட்டியிருந்தால் எனக்குத் தேவலை. அவள் திட்டவில்லை. சில்லைக் கையில் எடுத்துப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி, "தாயி, நான் வேணும்னு செய்யலடி" என்றேன். அவள் நிமிர்ந்தாள். சிரிக்கிறாள்! கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"எவ்வளவு லெச்சணமா நடுவுல வச்சிருக்கீங்க அத்தே!"

எங்கள் வீட்டுக்கு அவள் வந்து ஒன்பது வருஷம். ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசி, மரியாதையாகச் சோறு போட்டு, மரியாதையாகவே இருந்தோம். ஒருத்தி முன்னால் ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தது கிடையாது. எனக்கு முதலில் பயம், அப்புறம் எனக்கும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தேன். அந்த முந்தானையா என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் முகம் சுருங்கியது. "மாமாவுக்குத் தெரிஞ்சா கடைய மறந்துற வேண்டியதுதான்" என்றாள். அதற்குமேல் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். யாரோ ஒருவர் வளைந்த கம்பியை நிமிர்த்திக் காட்டினார். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். அவள் ஸ்பிரிட்டை விட்டு, புது டூத் பிரஷால் பூ மாதிரித் தடவிச் சந்தனத்தை எடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்த வேண்டும். தையல் ஊசியை எடுத்தாள். கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள்.

"எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது அத்தே."

எனக்குச் சின்ன வயதிலிருந்தே தூரத்துப் பார்வை மங்கல். பஸ் எந்த ஊர் போகிறது என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்க வெட்கப்பட்டு இரண்டு பஸ்ஸை விட்டிருக்கிறேன். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு நேரே கொண்டுவந்தால் எறும்பின் மீசை தெரியும். "குடு" என்றேன். அந்த ஒரு சொல்லை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம்.

ஊசி முனையால் முதல் கம்பியை நெம்பினேன். எழுந்தது. எழுந்து, நேரே நிற்காமல் அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் இந்தப் பக்கம் விழுந்தது. "வேணாம் அத்தே, ரெண்டு மூணு தடவ வளைச்சா ஒடிஞ்சிரும்" என்று அவள் என் கையைப் பிடித்தாள். வீடியோக்காரர் நடுவில் ஓட்டை உள்ள மெல்லிய குழாயைக் கம்பி மேல் சொருகி, அதோடு சேர்த்து நிமிர்த்தச் சொன்னார். ஊசி போடுகிற சிரிஞ்சு ஆகும் என்றார். மருந்துக் கடை பூட்டியாகிவிட்டது. பேனா ரீஃபிலைப் பிடுங்கிப் பார்த்தோம், முனை தடிமன். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரருடைய தங்கை, அடுத்த தெரு. எனக்கு வாய் இல்லை என்றால் அவளுக்கு எனக்கும் சேர்த்து வாய் உண்டு. கையில் சுண்டல் தூக்குவாளி.

"என்ன மதினி, மாமியாளும் மருமகளும் மூஞ்சியோட மூஞ்சி வச்சுப் பேன் பாக்குறீகளா?"

மருமகள் நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை கொடுத்து நின்றாள்.

"முப்பத்தஞ்சு வருசமா அருவாளுக்குப் பொட்டு வச்ச கையி, ஒரு தடவ மூளைக்கு வச்சிருச்சு. விடு. எங்கண்ணன் மண்டையத் தொறந்து அதுக்கும் ஒண்ணு வச்சு விடுங்க மதினி, வெளங்கும்."

நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"அத்தே, அசையாதீங்க."

"என்னடி?"

"ஒங்க மூக்குத்தி. அதோட தண்டுக்குள்ள ஓட்டை இருக்கும்ல? திருகாணி போற ஓட்டை?"

இருக்கிறது. ஏழுகல் மூக்குத்தி. கல் பக்கத்திலிருந்து சின்னக் குழாய் மூக்குக்குள் போகும், உள்ளே இருந்து திருகாணி அந்தக் குழாய்க்குள் ஏறும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கல்யாணத்துக்குப் போட்டது. என்றைக்குக் கடைசியாகக் கழற்றினேன் என்றே நினைவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா மூக்க மொட்டையாக்கப் போறீகளா?" என்றாள் நாத்தனார். என் முகத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "தேங்கா எண்ணெய எடுங்கடி" என்றாள்.

திருகாணி துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி இறுகியிருந்தது. நாத்தனார் என் தலையை மடியில் போட்டுக்கொண்டு, எண்ணெயைக் குழைத்து, சுண்டுவிரலை என் மூக்குக்குள் விட்டாள்.

"ஆ காட்டுங்க."

"மூக்குக்கு எதுக்கு ஆ காட்டணும்?"

"பேச்சப் பாரு! ஊமையா இருந்த மதினி இன்னைக்கு எதுத்துப் பேசுறாக!"

எனக்குத் தும்மல் வந்தது. மருமகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடினாள். தும்மினேன். நாத்தனார் முகத்திலேயே தும்மினேன். அவள் முகத்தைத் துடைக்கக்கூட விடாமல், "ஆடுது, ஆடுது, விட்றாதீக" என்று திருகினாள். கழன்றது. ஓட்டை தூர்ந்துவிடும் என்று துடைப்பத்திலிருந்து புதுக் குச்சி ஒன்றை ஒடித்து என் மூக்கில் சொருகிவிட்டாள். குச்சி கொஞ்சம் நீளம். நான் திரும்புகிற பக்கமெல்லாம் எனக்கு முன்னால் அதுவும் திரும்பியது.

மூக்குத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தாள் மருமகள். வெளிச்சத்துக்காகப் பின்கட்டு வாசலுக்குப் போனோம். ஏழு கல்லையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, குழாயை ஒரு கம்பியின் தலையில் வைத்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உள்ளே இறங்கியது.

"போயிருச்சு" என்றேன்.

"மூச்சு விடாதீங்க அத்தே."

மெள்ள நிமிர்த்தினேன். குழாயை எடுத்தேன். கம்பி நின்றது. நேராக நின்றது. மருமகள் கை தட்டப் போனவள், மடியில் தட்டு இருப்பது நினைவு வந்து, கையைக் காற்றிலேயே நிறுத்தினாள்.

இனிமேல்தான் கஷ்டம். கஷ்டம் கம்பியால் இல்லை. சிரிப்பால். குச்சி என் மூக்கில் ஆடுவதை மருமகள் பார்த்துவிட்டால் அவளுக்குத் தோள் குலுங்கும். அவள் பிடித்திருக்கிற தட்டு குலுங்கும். தட்டு குலுங்கினால் எனக்குக் கை நிற்காது. நாத்தனாரைப் பேசாதே என்றோம். அவள் வாய் நிறையச் சுண்டலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு வேதனை என்று அவள் கண் பிதுங்கியதில் தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்தது. மூக்குத்தியைத் தட்டில் வைத்துவிட்டு மூவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த கம்பி.

மூன்றாவது கம்பியில் வீட்டுக்காரர் போனில் வந்தார். மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் நல்லபடியா நடக்குதா?"

"நடக்குது மாமா."

"ஒங்கத்தை எங்க?"

நான் பேச வாயைத் திறந்தேன். குச்சியோடு பேசினால் குரல் மாறியது. "இங்கிட்டுதான் இருக்கேன்."

"சளி புடிச்சிருச்சா? நல்ல நாள்ல என்ன சளி? கஷாயத்தக் குடி. ஊர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒம்பதே காலு. ஒரு நிமிசம் பிந்தப்படாது."

போன் வைத்ததும் நாத்தனார் சுண்டலோடு சேர்த்துச் சிரித்துப் புரையேறினாள், அவள் முதுகில் நாலு தட்டுத் தட்டினோம்.

ஆனால் எட்டாவது கம்பி சிரிப்பை நிறுத்திவிட்டது. அது அடியோடு படுத்திருந்தது. ஊசியால் நெம்பிக் கொஞ்சம் தூக்கினால்தான் குழாய் ஏறும். தூக்கும்போது ஒடிந்தால் முடிந்தது. மருமகள் சொன்னாள், "அத்தே, இது ஒடிஞ்சா, நீங்கன்னு சொல்ல மாட்டேன். நான் தொடைக்கும்போது போயிருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"ஒடியாது. சும்மா இரு" என்றேன். அதட்டலாகவே வந்தது. என் வாழ்நாளில் யாரையும் அதட்டியதில்லை.

மயிரிழை தூக்கினேன். நிறுத்தினேன். இன்னொரு மயிரிழை. நாத்தனார் வாயில் சுண்டல் அரைபடுவதும் நின்றுவிட்டது. குழாயை ஏற்றினேன். நிமிர்த்தினேன். எடுத்தேன். நின்றது.

அதன் பிறகு சில்லைக் கண்ணுக்கு நேரே படுக்கைவசமாகப் பிடித்து, கடலைச் சால் நேராக இருக்கிறதா என்று வரப்பில் குந்திப் பார்ப்பது போல ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். மருமகள் அதை அதன் இடத்தில் வைத்தாள். அமுக்கக் கூடாதாம், தானாக இறங்க வேண்டுமாம். இறங்கவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்று கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. மூக்குத்தியால் ஒரு தட்டு. வைத்தாள். தொட்டிலில் பிள்ளை இறங்குவது மாதிரி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டது.

முன்னமே வாங்கி வைத்திருந்த புதுப் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்து, விசிறியை முடுக்கி, வயர்களைச் சொருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கருப்பு.

"சுத்துதுல்ல?" என்றாள் நாத்தனார்.

"விசிறி மட்டும் சுத்துனாப் பத்தாது சின்னம்மா."

கருப்பாகவே இருந்தது. கருப்புத் திரையில் எங்கள் மூன்று முகமும் தெரிந்தன. நடுவில் என் மூக்குக் குச்சி. யாரும் சிரிக்கவில்லை. "கழட்டி மாட்டுனா மொதத் தடவை நேரம் எடுக்கும்னு அந்த வீடியோக்காரரு சொன்னாரு" என்று மருமகள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்தேனா, அவள் என் கையைப் பிடித்தாளா தெரியாது. பிடித்திருந்தோம்.

திரை பளீரென்று வெள்ளையாகி, நீலமாகி, எழுத்தாக ஓடியது.

நாத்தனார் குலவையிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து, "யாரு வீட்ல சடங்கு?" என்று கேட்டார்கள். மருமகள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குச்சி அவள் கன்னத்தில் குத்தியது. "ஆ" என்று கத்திவிட்டு மறுபடி கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் வருமுன் குச்சியை எடுத்துவிட்டு மூக்குத்தியை மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்குக் கடை வாசலில் நாற்பது ஐம்பது பேர். வழக்கமாக இருந்தால் நான் கடைசியில், யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது நின்றிருப்பேன். மருமகள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்விட்சைப் போடச் சொன்னாள். போட்டேன். திரை வந்தது. உடைத்த தேங்காயும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வீட்டுக்காரர் தேங்காயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? நேரம் பாத்துச் செஞ்சா அப்படித்தான். நேத்துலேர்ந்து ஒரு தடங்கல் உண்டா? ஒரு சின்னத் தடங்கல் உண்டா?"

நான் நாத்தனாரைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். சிரிப்பை அடக்கி அவளுக்கு இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. முதலில் அவள் வெடித்தாள். அப்புறம் மருமகள் மேஜை மேல் கவிழ்ந்துவிட்டாள். எனக்கு வாயை மூடிக்கொள்ள நேரமில்லை. ஐம்பது பேருக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்க, என் குரல் எனக்கே அடையாளம் தெரியாமல் சிரித்தேன்.

"என்ன, என்னத்துக்கு இதுகளுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு?" என்று அவர் சுற்றியிருந்தவர்களைக் கேட்டார். அவர்களுக்கும் தெரியவில்லை. தெரியாமலே சிரிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் ஆளாக வந்த பெரியவர் ரேஷன் கார்டை நீட்டியபடி, "ஒரு ஜெராக்ஸ் ஆத்தா" என்று நின்றார். "அட, ஒரே ஒரு ஜெராக்ஸ்தான்" என்று மறுபடியும் சொன்னார். சிரித்த சிரிப்பில் அதை வாங்க எங்கள் மூவரில் ஒருத்திக்கும் கை நீளவில்லை.